தொள்ளாயிரத்து ஐம்பது கிராம்

நீலம் நிற்கவில்லை.

தேவமணி பியூரெட் கண்ணாடிக் குழாயின் திருகை இன்னும் கொஞ்சம் திறந்தாள். அயோடின் சொட்டுச் சொட்டாகக் குடுவைக்குள் விழுந்தது. குடுவையில் கலந்திருந்த ஸ்டார்ச்சால், விழுந்த இடத்தில் ஒரு நொடி நீலம் தெரியும். குடுவையைச் சுழற்றியதும் மாங்கூழின் மஞ்சளுக்குள் அது காணாமல் போய்விடும். வழக்கமாக நீலம் நிலைத்துவிடும் கோட்டை அயோடின் எப்போதோ தாண்டியிருந்தது. மணிக்கட்டு வலிக்க வலிக்கச் சுழற்றினாள். கிட்டத்தட்ட இரண்டு பங்கு அயோடின் இறங்கிய பிறகுதான் குடுவை நீலமாகி அப்படியே நின்றது.

கணக்குப் போட்டாள். ஆயிரத்து அறுநூறு.

கூழ் கெடாமல் இருக்க அதில் ஒரு பவுடர் கலப்பார்கள். பவுடரிலிருந்து சல்ஃபர் டை ஆக்சைடு பிரிந்து கூழைக் காக்கும். ஒரு கிலோ கூழில் எண்ணூறு மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது அந்த ஆலையின் அளவு. ஆயிரம் வரை போனால் வாங்குகிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் போனால் லாரியோடு திரும்பி வரும்.

பாட்டிலைக் குலுக்கி இன்னொரு முறை எடுத்துச் செய்தாள். அதே ஆயிரத்து அறுநூறு. இரண்டாவது பாட்டிலும் அப்படியே. மூன்றாவது பாட்டிலில் நீலம் சீக்கிரமே வந்து நின்றது: தொள்ளாயிரத்து முப்பது. நான்காவதும் அதை ஒட்டித்தான் இருந்தது. பத்தாவது பாட்டிலைக் கழுவிக் கவிழ்க்கும்போது மணி பதினொன்று.

நேற்று மதியத்திலிருந்து சாயங்காலம் வரை பத்துத் தொட்டி கூழ் கலந்தார்கள். ஒரு தொட்டிக்கு எண்ணூறு கிலோ. ஒரு தொட்டி நான்கு பேரல். தொட்டிக்கு ஒரு பாட்டில் என்று லேபுக்கு வந்திருந்தது. முதல் இரண்டு தொட்டி கெட்டுவிட்டது, பாக்கி எட்டும் தப்பித்தது என்று பதிவேடு சொன்னது. தேவமணி பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் கண் எரிந்தது.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில், குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு முன்னாலேயே இருந்தது அந்த மாங்கூழ் ஆலை. ஜூன் மாதம். பெங்களூரா மாங்காய் ஏற்றிய வண்டிகள் கேட்டிலிருந்து நெடுஞ்சாலை வரை வரிசையாக நின்றன. பழம் யாருக்காகவும் காத்திருக்காது என்பதால் சீசன் முடிகிற வரைக்கும் அங்கே யாருக்கும் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. லேபில் தேவமணியோடு இருந்த ஸ்வாதி மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டாள். அன்று முதல் இரண்டு பேர் வேலை ஒருத்தியின் தலையில். இருபத்து மூன்று நாளாயிற்று. தேவமணி கோயிலுக்குப் போய் நான்கு வாரம் ஆகியிருந்தது. காலையில் கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடி ஜெபிக்கத் தொடங்குவாள்; ஆமென் சொல்வதற்குள் தூங்கிப் போயிருப்பாள். கண்டக்டர்தான் தட்டி எழுப்புவார். பாதியில் நின்ற ஜெபத்தையும் கர்த்தர் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு இறங்குவாள்.

ஷிஃப்ட் சூப்பர்வைசர் மூர்த்தி உள்ளே வந்தான். முப்பது வயதுக்காரன். அவனும் தூங்கி நாளாகியிருந்தது. ஒருநாள் தாடியில் மாங்கூழ் காய்ந்து ஒட்டியிருந்தது.

"என்ன மேடம், மூஞ்சி தொங்கிப் போச்சு. நம்ம பத்தும் பாஸா?"

"ரெண்டு போச்சு மூர்த்தி. மொத ரெண்டு தொட்டி. ரெண்டு பங்கு இருக்கு."

அவன் பதிவேட்டை இழுத்துப் பார்த்தான். விரலால் கீழே வரைக்கும் தடவினான்.

"பத்துல ரெண்டுதான போச்சு. எட்டு சரியா இருக்குது. அப்ப பவுடர் எடை எழுதின கார்டு சரி. கைதான் தப்பு."

"இல்ல, கொஞ்சம் பொறுங்க. நான் இன்னொரு மட்டம் பார்த்துச் சொல்லுதேன்."

"நீங்க சொல்லுதேன், பாக்குதேன்னு இழுக்கறதுக்குள்ள இன்னும் நாலு தொட்டி ரொம்பிடும்." அவள் திருநெல்வேலிப் பேச்சை அவன் எப்போதும் இப்படித்தான் கிண்டல் செய்வான். இன்று அதில் சிரிப்பு இல்லை. "கார்டு தப்பா இருந்தா பத்துமில்ல தப்பாகணும்? பவுடர் ரூம்ல வீரலட்சுமிதான இருந்துச்சு. ரெண்டு வாட்டி கொட்டிடுச்சு. வயசாயிடுச்சு, கண்ணு தெரியல. நான் மொதல்லயே சொன்னேன்."

அவன் போய்விட்டான். கொஞ்சம் பொறுங்கள் என்று மறுபடி சொல்லத் தேவமணி வாயைத் திறந்தாள். சொல்லவில்லை. கார்டு சரி என்று அவன் சொன்ன அந்த நொடியில் அவள் நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி லேசாயிற்று. கார்டு எழுதியது அவள். களைத்தவர்களுக்குக் கிடைக்கும் ஆறுதலில் இது மோசமான ஆறுதல். பழி இன்னொருவர் வீட்டுக்குப் போகிறது என்று தெரியும்போது வருவது. அவளுக்கு அது அப்போதே தெரிந்திருந்தது. அதனால்தான் அவள் எழுந்து ஜன்னலருகே போனாள்.

கீழே, பழம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், மூர்த்தி வீரலட்சுமியை நிற்க வைத்திருந்தான்.

வீரலட்சுமி பவுடர் ரூம் பெண். ஐம்பதைத் தாண்டியவள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், ஆலையில் தமிழ்; ஆனாலும் லேப் பெண்களைத் தெலுங்கில் 'அம்மாயி', பெண்ணே, என்றுதான் கூப்பிடுவாள். எழுத்து தெரியாது, எண் தெரியும். பதினான்கு சீசனாக, கார்டில் எழுதியிருக்கிற எடைக்குப் பவுடரை நிறுத்து, வாளித் தண்ணீரில் கரைத்து, தொட்டிக்கு அனுப்புகிற வேலை அவளுடையது. முழங்கால் தேய்ந்துபோனவள். ஆலையில் உட்கார்ந்து செய்கிற வேலை அது ஒன்றுதான். அதை விட்டால் நாளெல்லாம் நின்று காம்பு கிள்ளப் போக வேண்டும். அது அவளால் முடியாது. ஒரு ஆலையில் கை தப்பிய பெண்ணை இன்னொரு ஆலைப் பவுடர் ரூமுக்குள் விட மாட்டார்கள். ஆள் அனுப்புகிற மேஸ்திரி எல்லா ஆலைக்கும் ஒருவர்தான்.

"கார்டு பாத்துதான போட்ட?" என்றான் மூர்த்தி.

"பாத்துதான் போட்டன் சார்."

"பாத்துப் போட்டா எப்படிம்மா ரெண்டு பங்காவும்?"

வீரலட்சுமி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடித்தாள். ஒரு தடவை நிமிர்ந்து லேப் ஜன்னலைப் பார்த்தாள். தேவமணிக்குப் பின்வாங்கத் தோன்றவில்லை, நகரக்கூட முடியவில்லை. வீரலட்சுமி பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தெரியலிங்க சார்."

"எட்டுப் பேரல் போச்சு. தெரியலன்னா ஆச்சா? தூங்கிட்டியா?"

"நான் எங்க சார் தூங்கினன்."

"கண்ணு தெரியலன்னா ஊட்ல இரு. மருமவ சோறு போட மாட்டேங்கிறாளா? பன்னெண்டரை பஸ்ஸுக்குக் கெளம்பு. நாளையிலிருந்து வேணாம். மேஸ்திரிகிட்ட நான் சொல்லிக்கறன்."

"சரிங்க சார்," என்றாள் வீரலட்சுமி. அவள் கெஞ்சவில்லை. பதினான்கு வருடத்துக்கு அந்த இரண்டு வார்த்தைதான். பிறகு காலை இழுத்து இழுத்துத் தன் பையை எடுக்கப் போனாள்.

தேவமணி மேஜைக்குத் திரும்பினாள். அவள் மனதைக் குடைந்தது ஆயிரத்து அறுநூறு அல்ல. தொள்ளாயிரத்து முப்பது.

கார்டு சரி என்றால், கார்டின்படி போட்ட எட்டுத் தொட்டியும் எண்ணூறு காட்ட வேண்டும். கொஞ்சம் காற்றில் போய் எழுநூற்றுத் தொண்ணூறு காட்டலாம். கூடுமா? பவுடர் தானாகப் பெருகாது. எட்டுத் தொட்டியும் ஒரே மாதிரி நூற்று முப்பது கூடியிருக்கின்றன. கண் தெரியாதவள் கை எட்டுத் தடவையும் ஒரே அளவுக்குத் தப்புமா?

அவள் பவுடர் ரூமுக்குப் போனாள்.

முந்தின நாள் காலையில் நடந்தது இது. எப்போதும் வாங்கும் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் பவுடர் கிடைக்கவில்லை. சீசனில் எல்லா ஆலையும் ஒரே நேரத்தில் கேட்டதால் தீர்ந்துவிட்டது. ஓசூர் வியாபாரி அதற்குப் பதில் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் மூட்டைகளை அனுப்பியிருந்தார். வேலை ஒன்றுதான், எடை மட்டும் வேறு. பழைய கார்டில் தொட்டிக்கு ஒரு கிலோ நூற்றுப் பத்து கிராம் என்று இருந்தது. புதுப் பவுடருக்குப் புதுக் கணக்குப் போட்டுக் கார்டு எழுதித் தரச் சொன்னார்கள். அந்த நேரம் லேபில் பதினேழு பாட்டில் காத்திருந்தது. வாசலில் மூன்று வண்டி டிரைவர்கள் தங்கள் பழத்தின் இனிப்பளவு என்னவென்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தேவமணி நின்றபடியே கணக்குப் போட்டாள். அட்டையில் எழுதிக் கொடுத்தனுப்பினாள்: ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம். அதன் பிறகு மதியம் வரை டைட்ரேஷன், அதே அயோடின் சொட்டும் சோதனை. சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறக்கக்கூடத் தெம்பில்லாமல் பதிவேட்டின் மேல் தலையை வைத்தாள். விழித்தபோது முக்கால் மணி நேரம் போயிருந்தது. லேப் கதவு சாத்தியிருந்தது. அவள் கண்ணாடி மடித்து, வடிதாள் கட்டின் மேல் வைக்கப்பட்டிருந்தது. தானே கழற்றி வைத்திருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். வேறெதையும் யோசிக்க நேரமில்லை.

பவுடர் ரூமில் யாரும் இல்லை. தீக்குச்சி உரசின மாதிரி நெடி சுவரிலெல்லாம் ஏறியிருந்தது. ஆணியில் புதுக் கார்டு தொங்கியது, அவள் கையெழுத்தில். தராசு துடைத்துச் சுத்தமாக இருந்தது. வீரலட்சுமிக்கு ஒரு பழக்கம் உண்டு. எடைக்கற்களைப் பெட்டியில் போட மாட்டாள். அன்றைய அளவுக்கு எந்தெந்தக் கல் வேண்டுமோ அவற்றை மட்டும் எடுத்து, தராசுக்கு வலப்பக்கம் ஒரு தேங்காய் ஓட்டில் வைத்துக்கொள்வாள். ஒவ்வொரு தொட்டிக்கும் அந்த ஓட்டைக் காலி செய்துதான் நிறுப்பாள். எண்ணவோ படிக்கவோ வேண்டாம், தப்பாது என்பாள்.

தேவமணி ஓட்டைப் பார்த்தாள். ஒரு கிலோ கல். நூறு கிராம் கல். பத்து கிராம் கல். அவ்வளவுதான்.

ஒரு கிலோ நூற்றுப் பத்து. பழைய கார்டின் எடை.

பக்கத்தில் கிடந்த மூட்டைத் துண்டுக் காகிதத்தை எடுத்து அதன் பின்பக்கத்தில் எழுதினாள். ஒரு தொட்டிக்கு ஆயிரத்து நூற்றுப் பத்து கிராம் போட்டதற்குக் கிலோவுக்குத் தொள்ளாயிரத்து முப்பது மில்லிகிராம் வந்திருக்கிறது. எண்ணூறு கிலோவுக்கு எழுநூற்று நாற்பத்து நான்கு கிராம். அப்படியானால் பவுடர் எடையில் மூன்றில் இரண்டு பங்கு சல்ஃபர் டை ஆக்சைடாக மாறியிருக்கிறது. நேற்று அவள் போட்ட கணக்கில் மூன்றில் ஒரு பங்கு என்றல்லவா இருந்தது.

முதலிலிருந்து எழுதினாள், பள்ளிக்கூடத்தில் எழுதுவது போல மெதுவாக. சோடியம் இரண்டு, இருபத்து மூன்று வீதம் நாற்பத்தாறு. கந்தகம் இரண்டு, முப்பத்திரண்டு வீதம் அறுபத்து நான்கு. ஆக்சிஜன் ஐந்து, எண்பது. கூட்டினால் நூற்றுத் தொண்ணூறு. இது ஒரு மோல் பவுடரின் எடை. ஒரு மோல் சல்ஃபர் டை ஆக்சைடு அறுபத்து நான்கு கிராம். இங்கே அவள் பேனா நின்றது. பவுடரின் ஒரு மோலில் கந்தகம் இரண்டு. ஒன்று கரைந்தால் இரண்டு மோல் பிரியும். அறுபத்து நான்கு அல்ல, நூற்று இருபத்தெட்டு.

நேற்று அவள் இரண்டு கந்தகத்தையும் எடையில் சேர்த்தாள். விளைச்சலில் ஒன்றைத்தான் சேர்த்தாள். ஒரு இரண்டை எழுத மறந்தாள். தொட்டிக்கு வேண்டியது தொள்ளாயிரத்து ஐம்பது கிராம். அவள் எழுதியது ஆயிரத்துத் தொள்ளாயிரம்.

முதல் இரண்டு தொட்டிக்கு வீரலட்சுமி கார்டு சொன்னபடி போட்டிருக்கிறாள். பிறகு கார்டை விட்டுவிட்டுப் பழைய எடைக்குப் போயிருக்கிறாள். முப்பத்திரண்டு பேரல் தப்பித்தது அதனால்தான். கீழ்ப்படிந்த இரண்டு தொட்டிக்காக அவளை வெளியே அனுப்பியிருக்கிறார்கள்.

தேவமணி ஆணியிலிருந்து கார்டைக் கழற்றினாள். அட்டை லேசாக இருந்தது. அதைக் கிழித்து மாங்கொட்டைக் குவியலில் போட்டுவிட்டு, தொள்ளாயிரத்து ஐம்பது என்று வேறொன்று எழுதித் தொங்கவிட இரண்டு நிமிடம் போதும். யாருக்கும் தெரியாது. வீரலட்சுமிக்கு எழுத்து தெரியாது. அவள் வந்து எதையும் நிரூபிக்கப் போவதில்லை. மாதக் கடைசியில் தேவமணிக்கு நிரந்தர வேலைக் கடிதம் வருவதாக இருந்தது. மூன்று சீசனாக அதற்காகத்தான் இந்தப் பாடு. அவள் கணவன் கிங்ஸ்டனுக்கு ஓசூரில் வேலை உண்டு, இல்லை என்று மாதத்துக்கு ஒரு முறை மாறும் நிலை. அவளுக்கு அழுகை வரவில்லை. அழக்கூட ஒரு தெம்பு வேண்டும். பவுடர் மூட்டையின் மேல் உட்கார்ந்து, "கர்த்தரே, எனக்குக் கொஞ்சம் நடக்கப் பெலன் தாரும். ஆபீஸ் வரைக்கும் போதும்," என்றாள். அன்று அவள் முடித்த ஜெபம் அதுதான்.

மணி பன்னிரண்டு ஐந்து.

மேனேஜர் நல்லுசாமி நின்றபடியே தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கால் வீங்கியிருந்ததால் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரச் சாக்கின் மேல் நின்றார். மூர்த்தி எதிரே இருந்தான்.

"சார், அந்த எட்டுப் பேரல் என் தப்பு," என்றாள் தேவமணி. கார்டையும் காகிதத்தையும் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். "கணக்கு தப்பா போட்டுட்டேன். ஒண்ணுக்கு ரெண்டு பிரியும். நான் ஒண்ணுன்னு போட்டேன்."

நல்லுசாமி கையைக் கழுவாமல் காகிதத்தைக் குனிந்து பார்த்தார். அவரும் வேதியியல் படித்தவர்தான்.

"அதெப்படி மேடம்," என்றான் மூர்த்தி. "கார்டு தப்புன்னா பத்தும் போயிருக்கணுமே."

"அவங்க மூணாவது தொட்டியிலிருந்து கார்டைப் பாக்கல. பழைய எடையப் போட்டிருக்காங்க. கல்லு இன்னும் ஓட்டுல இருக்கு. வந்து பாருங்க."

"அப்ப கார்டை மீறிட்டா. அதுவும் தப்புதான சார்? நாளைக்கு ஆளாளுக்கு அவங்கவங்க இஷ்டத்துக்குப் போட்டா?"

நல்லுசாமி டப்பாவை மூடினார். "மீறலன்னா நாப்பது பேரலும் போயிருக்கும் மூர்த்தி. நீ போயி எனக்கு மோர் இருந்தா கொண்டா."

மூர்த்தி அசையாமல் நின்றான். அவன் முகம் மெல்லக் கறுத்தது. கெட்டவன் இல்லை அவன். ஐந்து நிமிடத்தில் ஒரு முடிவு சொல்லியாக வேண்டிய இடத்தில் இருந்தவன். "நான் மருமவளப் பத்தியெல்லாம் பேசிட்டேன் சார்," என்றான், யாரையும் பாராமல்.

"அந்த எட்டுப் பேரலையும் காப்பாத்திடலாம் சார்," என்றாள் தேவமணி. "பவுடர் போடாத புதுக் கூழ் சரிபாதி சேத்தா எண்ணூறுக்கு வந்திரும். அரைத் தொட்டி அது, அரைத் தொட்டி இது. நாலு தொட்டி ஆகும். நான் கூட இருந்து பாத்துக்கிடுதேன்."

"அதுக்கு எட்டுப் பேரலையும் தூக்கிக் கொட்டணும். ஆளுங்க இடுப்பு ஒடையும்."

"ஆமா சார்."

நல்லுசாமி நெற்றியைத் தேய்த்தார். திட்டுவார் என்று அவள் நின்றாள். திட்டுவதற்கும் அவருக்குத் தெம்பில்லை போலிருந்தது.

"ஏம்மா தேவமணி. இத மேல எழுதித்தான் ஆவணும். லெட்டர் இந்த மாசம் வராது. அடுத்த சீசன் பாக்கலாம்."

"சரிங்க சார்."

"ஒன்ன ஒத்தையா விட்டது எங்க தப்பும்தான். அத எழுதறதுக்கு ஃபாரத்துல கட்டம் கெடையாது." அவர் சாக்கிலிருந்து இறங்கிச் செருப்பைத் தேடினார். "அந்தம்மா போயிடுச்சா? பஸ் பன்னெண்டரைக்கு."

கேட்டுக்கு வெளியே, மாங்காய் வண்டிகளின் நிழலில், நெடுஞ்சாலை ஓரத்துப் பாலக்கட்டையில் வீரலட்சுமி உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சள் பை. பைக்குள் தூக்குச்சட்டியும் தலைத்துண்டும். தேவமணி வருவதைப் பார்த்ததும் எழப் பார்த்தாள், முழங்கால் விடவில்லை.

"உக்காருங்க அக்கா." தேவமணியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. "கணக்குல தப்பு என்மேலதான். சார்கிட்ட சொல்லிட்டேன். உங்களக் கூப்பிடுதாங்க."

வீரலட்சுமி சாலையைப் பார்த்தாள். "நீ ஏன் அம்மாயி சொன்ன. ஒனக்கு லெட்டர் வர்றதுன்னு சொல்லிக்கினு இருந்தாங்களே."

"அது வராது. பரவால்ல. நீங்க ஏன் மூர்த்திகிட்ட சொல்லல? கார்டு தப்புன்னு தெரிஞ்சுருக்கே உங்களுக்கு."

"எனக்கு என்னா தெரியும். படிச்சவளா நானு. மொத தொட்டிக்கே நெடி தாங்கல, கண்ணுல தண்ணி. ரெண்டாவதுக்கு வாளிய எடுத்துக்கினு போன புள்ள இருமி இருமி ஒக்காந்துட்டான். பதினாலு வருசத்துல பவுடரு இப்படிக் கடிச்சதில்ல. சரி, உன்னியே கேட்டுடலாம்னு மாடிக்கு வந்தன்."

"மாடிக்கு வந்தீங்களா?"

"வந்தனே. கதவு தொறந்துதான் இருந்துது. நீ புஸ்தகத்து மேல தல வெச்சிக்கினு தூங்கற. கண்ணாடி மூக்குல அழுந்திக்கினு இருந்துது, செவந்து போயி. எடுத்து வெச்சிட்டு, கீழ சத்தம் வருதுன்னு கதவச் சாத்திட்டு வந்துட்டன்." கொஞ்சம் யோசித்தாள். "எழுப்பியிருக்கணும். மனசு வரல. எங்க பெரிய பொண்ணு மாசமா இருக்கும்போது அப்படித்தான் தூங்குவா, வாயத் தொறந்துக்கினு."

தேவமணிக்கு வடிதாள் கட்டின் மேல் மடித்து வைத்திருந்த கண்ணாடி நினைவுக்கு வந்தது. தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அப்புறம் பழைய எடையவே போட்டன்," என்றாள் வீரலட்சுமி. "நேத்து வரிக்கும் அதுதான சரியா இருந்துது. நீ எழுந்தப்புறம் சொல்லலாம்னு பாத்தன், தொட்டி மேல தொட்டி வந்து நகர முடியல, அதுக்குள்ள பஸ்ஸு வந்துடுச்சு. காலைல மூர்த்தி சார் கேக்கும்போது சொல்லியிருந்தா நீ தூங்கினதும் சொல்லணும். எப்படிச் சொல்றது."

"சொல்லியிருக்கலாம் அக்கா."

"எனக்குப் போனா முழங்காலுதான். ஒனக்குப் போனா பேரு." இதைப் பெரிய காரியமாக அவள் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வது போலச் சொன்னாள்.

பன்னிரண்டரை பஸ் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "ஏறுறீங்களா இல்லியா?" என்றார். வீரலட்சுமி கையை அசைத்தாள். பஸ் போய்விட்டது. புழுதி அடங்கும் வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு தேவமணி கையைக் கொடுத்தாள். வீரலட்சுமி அதைப் பிடித்து எழுந்தாள்.

"இனிமே நான் தூங்கினா எழுப்பிடுங்க."

"எழுப்பறன்."

"கட்டாயம்."

"எழுப்பறன்னு சொல்றனில்ல. பேசிக்கினே இருந்தா தொட்டி காயும்."

பவுடர் ரூம் வாசலில் மூர்த்தி நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு டம்ளர் மோர். மேனேஜருக்குக் கொண்டுபோனதா, இதற்காகவே கொண்டுவந்ததா என்று தெரியவில்லை. வீரலட்சுமியிடம் நீட்டினான்.

"வாய் தவறிப் பேசிட்டன். மனசுல வெச்சிக்காத."

அவள் வாங்கிக் குடித்தாள். "மருமவ நல்லாத்தான் சோறு போடறா," என்றாள் டம்ளரைத் திருப்பிக் கொடுத்து. "உப்புதான் கம்மி."

மூர்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க அவன் டம்ளரோடு திரும்பி நடந்தான்.

புதுக் கார்டை எழுதும்போது தேவமணி வீரலட்சுமியைப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார வைத்தாள். கணக்கை ஒருமுறை மேலிருந்தும், ஒருமுறை கீழிருந்தும் போட்டாள். தொள்ளாயிரத்து ஐம்பது என்று எழுதிவிட்டு, ஆணியில் மாட்டாமல் வீரலட்சுமியின் கையில் கொடுத்தாள்.

"பழசு எவ்வளவு?"

"ஒரு கிலோ நூத்திப் பத்து."

"இது?"

வீரலட்சுமி எண்களை விரலால் தொட்டாள். "தொள்ளாயிரத்தி அம்பது. கொஞ்சம் கம்மி."

"பவுடர் மாறினா எடை கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். ரெண்டு பங்கா ஆகாது. ஆச்சுன்னா ஆணியில மாட்டாதீங்க. யாரு எழுதினதா இருந்தாலும்."

வீரலட்சுமி தலையாட்டினாள். தேங்காய் ஓட்டைக் கவிழ்த்துப் பழைய கற்களைப் பெட்டியில் போட்டாள். ஐந்நூறு ஒன்று, இருநூறு இரண்டு, ஐம்பது ஒன்று என்று தேடி எடுத்து ஓட்டில் வைத்தாள். அதன் பிறகு கார்டை அவளே ஆணியில் மாட்டினாள். அந்த ஆலையில் அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. லேபில் எழுதிய கார்டை, பழைய எடையோடு ஒத்துப் பார்த்துவிட்டு, பவுடர் ரூமில் இருப்பவர்தான் மாட்ட வேண்டும். யாரும் அதை உத்தரவாக எழுதவில்லை.

எட்டுப் பேரலையும் ஆறு பேர் சேர்ந்து சரித்துக் கொட்டினார்கள். நெடிக்கு முகத்தைத் துண்டால் கட்டிக்கொண்டார்கள். அரைத் தொட்டி நேற்றைய கூழ், அரைத் தொட்டி பவுடர் படாத புதுக் கூழ். கலக்கி முடிய ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். தேவமணி ஒவ்வொரு தொட்டிக்கும் அருகில் நின்றுவிட்டு, கடைசியில் லேபுக்கு வந்தாள். பியூரெட்டில் அயோடினை நிரப்பி வைத்தாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். நான்கு வாய் சாப்பிட்டாள். பதிவேட்டின் மேல் கையை வைத்தாள், கையின் மேல் தலையை.

மூன்று மணிக்கு முதல் தொட்டியின் பாட்டில் தயாராயிற்று. மாடிக்கு எடுத்துப் போக வந்தவனிடமிருந்து வீரலட்சுமி அதை வாங்கிக்கொண்டாள். படியில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறினாள். லேப் கதவு திறந்திருந்தது. உள்ளே தேவமணி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடி மூக்கில் அழுந்தியிருந்தது.

வீரலட்சுமி வாசலிலேயே நின்றாள். பாட்டில் இன்னும் சூடாக இருந்தது. முந்தானையில் அதைப் பிடித்துக்கொண்டாள். கீழே ஒரு வண்டி வந்து நின்றது. பழம் கொட்டுகிற சத்தம் கேட்டது. அது முழுவதும் கொட்டி முடிகிற வரைக்கும் அவள் பேசாமல் நின்றாள். அவ்வளவு நேரம் விட்டாள்.

பிறகு கதவை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"அம்மாயி, எழுந்திரு. பாட்டில் வந்துடுச்சு."